சுவரோரத்தில் ஒரு பந்தல்: சின்ன இடத்தில் காய்கறியை மேலேற்றி வளர்ப்பது எப்படி?

இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு சுவரோரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 30 சென்டிமீட்டர். ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவு. தரைக் கணக்கில் 0.6 சதுர மீட்டர். நாலு கத்தரிச் செடி வைத்தால் தீர்ந்துபோகும். அதே ஓரத்தில் இரண்டு மீட்டர் உயரத்துக்கு வலை ஒன்றை நிறுத்தினால், இலை விரிய 4 சதுர மீட்டர் கிடைத்துவிடும். பந்தலைத் தலைக்கு மேல் படுக்கப் போட இடமில்லாதவர்கள் அதை நிமிர்த்தி வைக்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. இலைக்கு 4 சதுர மீட்டர் கிடைத்தாலும் வேருக்கு இன்னமும் அதே 0.6 தான். உயரம் இனாமாக வரும். மண்ணும் தண்ணீரும் வராது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இதை மறப்பதால் வருவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஐந்து லிட்டர் வாளியில் சுரைக்கொடி வைத்து. கொடி மேலே போனது, பூத்தது, கட்டைவிரல் அளவுக்குப் பிஞ்சும் விட்டது. பிறகு எல்லாப் பிஞ்சும் மஞ்சளாகி விழுந்தது. சத்து போதவில்லை போலிருக்கிறது என்று உரம் போட்டேன். சத்தா பிரச்சினை? மத்தியானம் இரண்டு மணிக்கு விரலை விட்டுப் பார்த்தால் வாளியில் ஈரமே இல்லை.

ஏற்றுவதா, அடுக்குவதா?

செங்குத்துத் தோட்டம் என்ற பேரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தரையில் பெரிய தொட்டி வைத்து அதிலிருந்து கொடியை மேலே ஏற்றுவது. இன்னொன்று, சின்னச் சின்னச் சட்டிகளையோ துணிப் பைகளையோ சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. படத்தில் பார்க்க அழகாக இருப்பது இரண்டாவது. அதைப் பார்த்துத்தான் பலருக்கும் ஆசையே வருகிறது.

சுவர் முழுக்கச் செடி வளர்க்கும் அமைப்பு புதிதல்ல. அமெரிக்காவில் நிலவடிவமைப்புப் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி ஹார்ட் ஒயிட் என்பவர் 1938-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். இன்று பெரிய கட்டடங்களில் நீங்கள் பார்க்கும் பச்சைச் சுவர்களுக்குப் பின்னால் குழாய், பம்பு, கடிகாரம் வைத்து ஓடும் சத்துநீர் எல்லாம் இருக்கும். படத்தில் அது தெரியாது. அதெல்லாம் இல்லாமல் வெறும் பைகளை மட்டும் மாட்டினால், கோடையில் ஒரு நாள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவர் காய்ந்த கீரைக்கட்டு மாதிரி ஆகிவிடும்.

ஆகவே என் யோசனை: முதல் பருவத்தில் ஏற்றுங்கள், அடுக்காதீர்கள். ஒரு பெரிய தொட்டி, ஒரு வலை, ஒரு கொடி. இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். அடுக்குவதைக் கடைசியில் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் வெயிலை எண்ணுங்கள்

தொட்டி வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது. செலவே இல்லை என்பதாலோ என்னவோ யாரும் செய்வதில்லை. வீட்டில் இருக்கும் ஒரு நாளில், காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை மணிக்கு ஒரு தடவை அந்த இடத்தை எட்டிப் பாருங்கள். நேர் வெயில் விழுகிறதா, நிழலா என்று ஒரு தாளில் குறியுங்கள். கூட்டினால் 6 மணி நேரமோ அதற்கு மேலோ வந்தால் காய் தரும் கொடி எதையும் வைக்கலாம். 3 அல்லது 4 மணி நேரம்தான் என்றால் கீரைதான். பாகலையும் தக்காளியையும் அங்கே வைத்தால் இலை நிறைய வரும், காய் வராது. வெளிச்சமாகத்தான் இருக்கிறதே என்று நம் கண்ணுக்குத் தோன்றும்; நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், செடியால் அது முடியாது.

சூரியன் போகிற பாதை ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை எண்ண வேண்டியிருக்கும். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் ஒரு பருவத்தில் உங்கள் சுவரை விட்டு விலகி, இன்னொரு பருவத்தில் முழுக்க மூடிவிடலாம்.

வலையை எந்தத் திசையில் நிறுத்துவது? இடம் கொடுத்தால் வடக்கு தெற்காக ஓடும்படி. காலையில் ஒரு முகத்துக்கும் மாலையில் மறுமுகத்துக்கும் வெயில் கிடைக்கும். கிழக்கு மேற்காகத்தான் நிறுத்த முடியும் என்றால், வலையின் நிழல் குட்டைச் செடிகள்மேல் விழாத பக்கமாகப் பார்த்து நிறுத்துங்கள். வட கோளத்தில் அது தோட்டத்தின் வடக்கு ஓரம், தென் கோளத்தில் தெற்கு ஓரம். வெப்பமண்டலத்தில் சூரியன் தலைக்கு மேலே இரண்டு பக்கமும் போய்வருவதால் நிழலும் பக்கம் மாறும்.

மேற்கு பார்த்த சுவர் என்றால் கொஞ்சம் எச்சரிக்கை. மாலை வெயிலில் காய்ந்த சுவர் இரவு வரை சூட்டைக் கக்கும். வலையைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். காற்று போய்வரும், இலை கருகாது, பின்பக்கம் காய்த்ததைப் பறிக்கக் கையும் போகும்.

எது ஏறும், எப்படி ஏறும்?

கொடி என்று எல்லாவற்றையும் ஒரே பேரில் சொல்லிவிடுகிறோமே தவிர, ஒவ்வொன்றும் ஏறுகிற விதம் வேறு. இதைத் தெரிந்துகொண்டால் எதற்கு வலை, எதற்குக் கயிறு என்பது தானே விளங்கிவிடும்.

பீன்ஸ், அவரை, நீளப் பயறு, கொடிப்பசலை இவை தண்டையே சுற்றிக்கொண்டு ஏறுபவை. செங்குத்தாக ஒரு கயிறோ கழியோ இருந்தால் போதும். குறுக்குக் கயிறு இவற்றுக்குத் தேவையே இல்லை. பீன்ஸ் கொடி மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நீங்கள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று மறுபக்கமாகச் சுற்றிவிட்டால், இரண்டு நாளில் அது தன்னைப் பிரித்துக்கொண்டு தன் வழியில் போகும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி இவை பற்றுக்கம்பி விட்டு ஏறுபவை. வெள்ளரியின் பற்றுக்கம்பியை ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் நூல் மாதிரி நீண்டு காற்றில் துழாவும். எதையாவது தொட்டதும் நுனி அதைச் சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வேடிக்கை: நடுப்பகுதி சுருளத் தொடங்கும், பாதி ஒரு திசையில், மீதிப் பாதி எதிர்த்திசையில். நடுவில் திசை மாறும் இடம் தெளிவாகத் தெரியும். இரண்டு முனையும் பிடிபட்டிருக்கும்போது முறுக்கு ஏறாமல் சுருளுவதற்கு வேறு வழியில்லை. அது சுருளச் சுருளக் கொடி வலையை நோக்கி இழுபடும். காற்றடித்தால் ஸ்பிரிங் மாதிரி நீண்டு கொடுக்கும். இவற்றுக்கு வலையே சிறந்தது. பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாக நிறையக் கயிறு வேண்டும்.

பட்டாணியும் பற்றுக்கம்பிக்காரன்தான், ஆனால் இலை நுனியிலிருந்து வரும் அந்தக் கம்பி ரொம்பச் சின்னது. பென்சில் பருமனுக்கு மேல் எதையும் அதனால் சுற்ற முடியாது. மூங்கிலை நட்டுவிட்டு, ஏற மாட்டேன் என்கிறதே என்று கவலைப்படுபவர்கள், நடுவில் நாலு சணல் கயிறு கட்டினால் சரியாகிவிடும்.

தக்காளிக்கு இரண்டும் தெரியாது. அது சும்மா நீண்டு சாயும். நாம்தான் கட்ட வேண்டும். அதிலும் இரண்டு சாதி உண்டு. ஓரளவு உயரத்தோடு நின்று மொத்தமாகக் காய்த்து ஓய்வது ஒன்று, வளர்ந்துகொண்டே காய்த்துக்கொண்டே போவது இன்னொன்று. மேலேற்றுவதற்கு இரண்டாவதுதான் வேண்டும். விதை வாங்கும்போது உறையில் பாருங்கள்.

முதல் தடவை ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால், பீன்ஸ் அல்லது கொடிப்பசலை என்பேன். பீன்ஸுக்கு மகரந்தம் சேர்க்க ஈ, தேனீ எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பூவே தன்னைப் பார்த்துக்கொள்ளும். கொடிப்பசலைக்குக் காயே தேவையில்லை, இலையைத்தானே பறிக்கப்போகிறோம். சுரையையும் பூசணியையும் இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். ஆசை இருக்கும், தெரியும்.

வேருக்கு எவ்வளவு?

கீரைகளுக்கு 15 சென்டிமீட்டர் ஆழம் போதும். பீன்ஸுக்கு 25 முதல் 30. வெள்ளரி, தக்காளிக்கு ஒரு செடிக்கு 20 லிட்டர் கொள்ளளவு, அதற்குக் குறைய வேண்டாம். பாகலும் அதே கணக்கில் ஒப்பேறும், 25 கிடைத்தால் நல்லது. பீர்க்கு, புடலை, சுரைக்கு 40 லிட்டர். பெரிய தொட்டியிலோ செடி வளர்க்கும் பெரிய பையிலோ இரண்டு கொடி வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆளுக்குப் பாதியாவது காய்க்கும் என்று நினைக்காதீர்கள், இரண்டுமே காய்க்காது.

தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் அள்ளிப் போட்டால் நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் செங்கல்லாக இறுகும். பழகிய கலவை ஒன்று சொல்கிறேன்: தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு. மாடியிலோ பால்கனியிலோ என்றால் மண்ணைப் பாதியாகக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை அலசிப் பிழிந்து பயன்படுத்த வேண்டும், அதில் உப்பு இருக்கும். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கி வரும். அதனால் வாங்கும்போதே சின்னதைப் பார்த்து ஏமாந்து நாலு கட்டி வாங்கிவிடாதீர்கள்.

எடையையும் கணக்குப் பாருங்கள். நார்க்கழிவு மிகுந்த கலவை நனைந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. மண் மிகுந்தால் ஒன்றரைக் கிலோவையும் தாண்டும். 40 லிட்டர் பை ஆறு வைத்தால் கால் டன். பால்கனியின் விளிம்பில் வரிசையாக வைக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். பழைய கட்டடம் என்றால் கட்டட வேலை தெரிந்தவரை ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. கைப்பிடிக் கம்பியின் வெளிப்புறத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள், கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

வலையை நிறுத்துவது

விதை போடுவதற்கு முன்னாலேயே வலை நிற்க வேண்டும். கொடி வந்த பிறகு கம்பு நடப்போனால் வேர் அறுபடும், தண்டு ஒடியும், கோபம் வரும்.

1. தரையில் நடுவதென்றால், இரண்டு மீட்டர் வெளியே தெரியும் கம்புக்கு இன்னும் அரை மீட்டர் மண்ணுக்குள் போக வேண்டும். ஆக இரண்டரை மீட்டர் கம்பு. மூங்கில், இரும்புக் குழாய் எதுவானாலும் சரி. பையில் வளர்ப்பதென்றால் பைக்குள் கம்பு நட்டு நம்பாதீர்கள். கொடி கனத்ததும் பையோடு சாயும். கம்பைச் சுவரிலோ கைப்பிடியிலோ கட்டுங்கள்.

2. இரண்டு கம்புக்கும் மேலே குறுக்காக ஒரு கழி. கீழேயும் ஒன்று, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். கீழ்க்கழி இல்லாமல் வலையைத் தொங்கவிட்டால் காற்றில் கொடியோடு சேர்ந்து ஊஞ்சலாடும்.

3. வலைக் கண் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். உங்கள் கை மணிக்கட்டு வரை உள்ளே போய் ஒரு காயோடு வெளியே வர வேண்டும், அதுதான் அளவு. நான் ஒரு தடவை கையிலிருந்த பறவை வலையைக் கட்டினேன். பிஞ்சுப் பாகல் கண்ணுக்குள் நுழைந்து அங்கேயே பெருத்தது. கடைசியில் இடுப்பில் கயிறு கட்டிய மாதிரி நடுவே இறுகிய காயைக் கத்தரிக்கோல் வைத்துத்தான் எடுக்க முடிந்தது.

4. வலையை நன்றாக இழுத்துக் கட்டுங்கள். தட்டினால் அதிர வேண்டும். தொய்வாகக் கட்டிய வலை, காய் பிடித்ததும் வயிறு தள்ளிவிடும்.

5. உயரம் உங்கள் கை எட்டும் அளவோடு நிற்கட்டும். மூன்று மீட்டர் போட்டால் மேலே காய்ப்பது காகத்துக்குத்தான்.

இலை மூடிய வலை காற்றைப் பிடிக்கும் கப்பல் பாய் மாதிரி. வெறும் வலையாக இருக்கும்போது எந்தக் காற்றும் அதை ஒன்றும் செய்யாது. அதை வைத்துக் கம்பு உறுதியாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. என் முதல் வலை இரண்டு மாதம் அசையாமல் நின்றது. கொடி முழுக்க மூடிய வாரத்தில் ஒரு மழைக்காற்றில் மொத்தமாகக் கவிழ்ந்தது. இரண்டு பக்கமும் இழுவைக் கயிறு கட்டியிருந்தால் தப்பியிருக்கும். அப்போதிருந்து வலை கட்டிய அன்றே மேல் மூலைகளை இரும்புக் கம்பியால் சுவர்க் கொக்கியில் மாட்டிவிடுகிறேன்.

பழைய சரக்குப் பலகைகளைக் கொண்டு சட்டம் அடிப்பவர்கள், பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தோட்டத்துக்கு வேண்டாம்.

விதையும் நாற்றும்

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெள்ளரி எல்லாவற்றுக்கும் வேரைத் தொட்டால் பிடிக்காது. நேரடியாகப் பையிலேயே விதையுங்கள், 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டு விதை. முளைத்ததும் திடமானதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்து வரும். பாகல் விதையின் ஓடு கெட்டி. முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டுவிடுங்கள். பீன்ஸை ஊறவைக்கத் தேவையில்லை, ஈரமண்ணில் 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். அதிகம் ஊறினால் அழுகும். தரையில் பீன்ஸுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர், வெள்ளரிக்கு 30, பாகலுக்கு 45 இடைவெளி விடுங்கள்.

தக்காளி மட்டும் நேர்மாறு. நாற்றாக வளர்த்து, நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்துவிடலாம். புதைந்த தண்டிலிருந்து புது வேர் கிளம்பும்.

ஏற்றுவதும் கட்டுவதும் கிள்ளுவதும்

கொடி ஒரு சாண் வளர்ந்ததும் அதன் நுனியை மெல்ல வலைப் பக்கம் சாய்த்து வையுங்கள். அடுத்த நாள் காலை அது பிடித்திருக்கும். பிடிக்காவிட்டால் ஒரு கட்டு.

கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணிக் கீற்றுதான் ராஜா. ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். முதலில் கம்பில் ஒரு சுற்று, பிறகு கீற்றை ஒரு முறுக்கு முறுக்கி, தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு முடிச்சு. பார்த்தால் 8 என்ற எண் படுத்திருப்பதுபோல இருக்கும். தண்டுக்கும் கட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைய வேண்டும். இன்று பென்சில் பருமன் இருக்கும் தக்காளித் தண்டு இரண்டு மாதத்தில் கட்டைவிரல் பருமனாகும். நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டினால் அது தண்டையே அறுத்துவிடும்.

தக்காளியில் இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் ஒரு குட்டிக் கிளை கிளம்பும். விரல் நீளத்துக்குள் கிள்ளிவிடுங்கள். ஒற்றைத் தண்டாகவோ இரட்டைத் தண்டாகவோ விட்டால் கயிற்றில் ஏற்றுவது சுலபம். இப்படிக் கிள்ளுவது வளர்ந்துகொண்டே போகும் சாதிக்கு மட்டும்தான். குட்டையாக நிற்கும் சாதியில் கிள்ளினால் காயையே கிள்ளியதாகிவிடும்.

சுரையில் கதை வேறு. நடுத்தண்டில் ஆண் பூதான் அதிகம் வரும், பக்கக் கிளைகளில்தான் பெண் பூ நிறைய. அதனால் நடுத்தண்டு வலையின் தலையைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கங்களில் கிளை வெடிக்கும். வலையைப் பக்கவாட்டில் நிரப்புவதும் அந்தக் கிளைகள்தான். நல்ல செடியின் தலையைக் கிள்ளுவதற்கு மனசு வராது. முதல் தடவை எனக்கும் வரவில்லை, அந்த ஆண்டு வலையின் உச்சியில் ஒரு புதரும் கீழே வெறும் கயிறும்தான் மிஞ்சின.

தண்ணீர்

மேலேற்றிய கொடிக்குத் தரைச் செடியைவிடத் தாகம் அதிகம். எல்லா இலையும் வெயிலிலும் காற்றிலும் நிற்கிறது. மண்ணோ ஒரு பைக்குள். கோடையில் காய் பிடித்த தக்காளி ஒன்று நாளுக்கு 2 லிட்டர் வரை குடிக்கும். அளவு வைத்து ஊற்றாதீர்கள், விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். முதல் இரண்டு கணு வரை விட்டு ஈரமில்லை என்றால் ஊற்ற வேண்டும். ஊற்றினால் அடியில் ஓட்டை வழியாகச் சொட்டும் வரை ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குவளை தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே நிற்கும்.

காலையில் ஊற்றுவது நல்லது. மத்தியானம் இலை தொங்கினால் பதறாதீர்கள். வெள்ளரியும் பீர்க்கும் உச்சி வெயிலில் தண்ணீர் இருந்தாலும் தொங்கும், மாலையில் நிமிர்ந்துவிடும். மாலையிலும் தொங்கினால்தான் தாகம். மண்மேல் காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது மூன்று விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் நாள் ஒன்றுக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தண்ணீர் சீராகப் போகாவிட்டால் தக்காளி அதை வெளியே காட்டிக்கொடுக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுங்கினால் அது நோய் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அந்தச் சத்து தண்ணீரோடுதான் பயணம் செய்யும். மூன்று நாள் காயவிட்டு நாலாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் எவ்வளவு இருந்தும் காய்க்குப் போகாது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதற்கு முன்னால் ஊற்றும் நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

சொட்டுநீர் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் உயரத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து கிடைக்கும் அழுத்தம் 0.1 பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). சாதாரணச் சொட்டுவான்கள், அதாவது குழாயில் தண்ணீர் சொட்டும் முனைகள், ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்தவை. அதனால் குறைந்த அழுத்தத்துக்கென்று விற்பதைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் முதல் பை நனையும், கடைசிப் பை காயும்.

பூவைப் பார்ப்பது

பாகல், சுரை வகையில் முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் பூ மட்டும் வந்து உதிரும். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண் பூவை அடையாளம் காண்பது எளிது, பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஏற்கெனவே இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான்.

மாடியில், நகரத்து நடுவில், தேனீ வரும் என்று சொல்ல முடியாது. பெண் பூ மலர்ந்தும் அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழுந்துகொண்டே இருந்தால் நீங்களே தேனீ ஆகவேண்டியதுதான். அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பாகல், வெள்ளரி, பூசணிக்குக் காலையில். பீர்க்கும் சுரையும் புடலையும் மாலையில்தான் மலரும், ஆகவே விளக்கு வைக்கும் நேரத்தில். காலையில் போய் மூடிய சுரைப்பூவைப் பிரித்துத் தடவிவிட்டு ஒன்றும் பிடிக்கவில்லை என்பவர்கள் நிறையப் பேர்.

தக்காளிப் பூவுக்கு ஆட்டம் போதும். காலையில் கயிற்றை இரண்டு தட்டுத் தட்டினால் மகரந்தம் உதிரும். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் சூடாக இருந்தால் என்ன தட்டினாலும் பூ உதிரத்தான் செய்யும், பொறுத்திருங்கள்.

உரம், பூச்சி: சுருக்கமாக

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பூ வரும் வரை தழைச்சத்து (நைட்ரஜன்), பூத்த பிறகு சாம்பல்சத்து (பொட்டாசியம்). பூத்த பின்னும் தழைச்சத்தையே கொட்டினால் இலைதான் அமோகமாக வரும்.

அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் இலையின் அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். வலை நிமிர்ந்து நிற்பதால் குனியாமலே அடிப்பக்கத்தைப் பார்க்கலாம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சமாக இருக்கும்போதே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டுச் சோப்புத் திரவம், மாலை வேளையில். வெயிலில் அடித்தால் இலை கருகும். பாகலிலும் பீர்க்கிலும் பழ ஈ குத்தினால் காய் வளைந்து உள்ளே புழு வைக்கும். பிஞ்சிலேயே காகிதப் பையால் மூடிக் காம்பில் கட்டிவிடுங்கள். மருந்தைவிட அது மேல். இலைமேல் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வந்தால் அடி இலைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள்; கழித்ததை உரக்குழியில் போடாதீர்கள்.

அடுக்குவது என்று முடிவெடுத்தால்

சுவர்ப் பைகளிலும் அடுக்குச் சட்டிகளிலும் கீரை, புதினா, கொத்தமல்லி, லெட்யூஸ், வெங்காயத்தாள் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேல் வரிசை முதலில் காயும், கீழ் வரிசை எப்போதும் ஊறிக்கிடக்கும். அதனால் வறட்சி தாங்குவதை மேலேயும் ஈரம் விரும்பும் புதினாவைக் கீழேயும் வையுங்கள். மேலிருந்து ஊற்றினால் கீழே வடியும் தண்ணீரைப் பிடிக்க ஒரு தட்டு வேண்டும். சுவருக்கும் பைக்கும் நடுவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் தாளும் வேண்டும், சுவர் ஈரம் குடித்தால் உள்பக்கம் சுண்ணாம்பு உதிரும்.

பறிப்பது

பீன்ஸும் வெள்ளரியும் காய்க்கத் தொடங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறியுங்கள். உள்ளே விதை முற்றிவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று செடி நினைத்துக்கொள்ளும், புதுப் பூ குறைந்துபோகும். இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு முற்றிய வெள்ளரி அடுத்த பத்தைத் தடுத்துவிடும், ஆகவே வலையின் மறுபக்கம் போயும் பாருங்கள். முலாம்பழம் மாதிரி கனமானது ஏற்றியிருந்தால், பழம் கைப்பிடி அளவு ஆனதும் பழைய வலைப்பையில் போட்டுக் குறுக்குக் கழியில் கட்டுங்கள். பழத்தின் எடை கொடியின்மேல் விழக்கூடாது. சுரைக்கு இந்தச் சேவை வேண்டாம், பிஞ்சாகவே பறித்துவிடுவோம், காம்பும் திடமானது.

பருவம் முடிந்ததும் கொடியை அடியில் வெட்டி, ஒரு வாரம் வலையிலேயே காயவிடுங்கள். வேர் பைக்குள்ளேயே மக்கட்டும். சணல் வலையாக இருந்து, நோய் எதுவும் வந்திருக்காவிட்டால் கொடியோடு சேர்த்துச் சுருட்டி உரக்குழியில் போட்டுவிடலாம். நைலான் என்றால் ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள். காய்ந்த பற்றுக்கம்பி ஒவ்வொன்றையும் நகத்தால் ஒடித்துத்தான் எடுக்க வேண்டும்.